நேராகத் தொடக்கூடாது

மார்ச் 4, 2024 – திங்கள்

காலையிலிருந்து தூறல். ஆபிஸ் பின்பக்கக் கூரை மறுபடியும் ஒழுகுகிறது. பிரிண்டரைச் சுவரோரமாக நகர்த்தி வைத்தேன். என் வீட்டுக்காரர் எட்ரியன் கோலா தெர்லாவில் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு விடியுமுன்னே லோரியோடு கீழே இறங்கிவிட்டார்.

டீ நேரத்துக்கு முன்னால் புவனேஸ்வரன் சார் கூப்பிட்டார். துணை மேனேஜர், இந்தத் தேயிலை எஸ்டேட்டில் எல்லோருக்கும் அவர் சின்ன துரை. கதவைச் சாத்தச் சொன்னார். அவர் அப்படிச் சொல்வது அபூர்வம்.

"சிஸ்டம் வித்த கம்பெனிக்காரங்க ஆடிட் வைக்கிறாங்க கேத்லீன். லைசன்ஸ் ஆடிட். ஈப்போ ஹெட் ஆபிஸுக்கு எழுதியிருக்காங்க."

"வரட்டுமே சார். நம்ம எஸ்டேட்ல சிஸ்டத்தைத் திறந்து பார்க்கிற லைசன்ஸ் ரெண்டே ரெண்டு. நீங்க, நான். ஸ்டோர்ல செல்லையாவுக்குப் பதிவு போட மட்டும்தான். எல்லாம் சரியாத்தானே இருக்கு."

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே, "மெசேஜ்" என்றார்.

அதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நேப்பாளத்து ஆள் முந்தின நாள் பூச்சிமருந்து அடித்த தேயிலைக் காட்டுக்குள் தெரியாமல் போய், இரண்டு காலும் வெந்து வந்தார். அதற்கப்புறம்தான் சார் என்னிடம் கேட்டார்: எந்தக் காட்டில் மருந்து அடித்திருக்கிறது, எந்த நாள் வரை உள்ளே போகக்கூடாது என்பது சிஸ்டத்தில் இருக்கிறதே, அதைக் காலையில் ஆட்களிடம் எப்படிச் சேர்ப்பது? சிஸ்டத்தின் வழியாக அனுப்பக் கேட்டால் ஈப்போவில் ஆறு மாதம் இழுத்தார்கள். "நேரா டேட்டாபேஸ்லேருந்து எடுத்துடு" என்றார். எடுத்தேன். காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்கு முன்னால் ஒவ்வொரு குழுத் தலைக்கும் போனில் தமிழிலும் மலாயிலும் மெசேஜ் போகும். அன்றைக்கு எல்லோருக்கும் கறிபாப் வாங்கிக் கொடுத்தது அவர்தான்.

அதை இன்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மார்ச் 6 – புதன்

ஒப்பந்தத்தை முழுசாகப் படித்தேன். பொடி எழுத்து. எனக்குப் புரிந்ததைத் தமிழில் எழுதிவைக்கிறேன், இல்லாவிட்டால் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும்.

சிஸ்டத்தோடு சேர்ந்து வருகிற டேட்டாபேஸ் இருக்கிறதே, அதற்குள் நாம் போட்ட தகவல் நம்முடையது. அது உட்கார்ந்திருக்கும் பெட்டி அவர்களுடையது. சிஸ்டத்தின் திரை வழியாகத்தான் அதைத் தொடலாம். வெளியிலிருந்து நேராகக் கையை விட்டால், படிக்க மட்டும் எடுத்தாலும்கூட, அதற்கு வேறு லைசன்ஸ். நம்மிடம் இல்லாத லைசன்ஸ்.

இன்னொன்று. அப்படி எடுத்தது எத்தனை பேருக்குப் போகிறதோ அத்தனை பேரும் பயனர்கள். நடுவில் என் சின்ன புரோகிராம் ஒற்றை ஆளைப் போல நின்று கேட்டாலும், அவர்கள் எண்ணுவது கடைசியில் போனைத் திறந்து பார்க்கிற ஆள் வரை. கங்காணி, குழுத் தலைகள், அப்புறம் அந்த வாட்சாப் குழுக்களில் இருக்கிற ஒவ்வொருவரும். நேப்பாளத்து ஆட்கள், வங்காளதேசத்து ஆட்கள், நம் ஆட்கள். கொழுந்து வெட்டுகிற அத்தனை பேரும் இவ்வளவு நாளாக லைசன்ஸ் இல்லாமல் ஒரு பெரிய மென்பொருளைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்களாம்.

சட்டப்படி அவர்கள் சொல்வது சரி. அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

மார்ச் 7 – வியாழன்

தூக்கம் சரியில்லை. யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை.

மார்ச் 8 – வெள்ளி

ஈப்போவிலிருந்து உத்தரவு வந்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் நேர் இணைப்பை அறுக்க வேண்டும்.

"அதுக்குப் பதிலா என்ன சார்?"

"யோசிக்கிறாங்க."

"யோசிச்சு முடிக்கிற வரைக்கும் மருந்து அடிக்காம இருப்பாங்களா?"

இவ்வளவு சூடாக நான் அவரிடம் பேசியதில்லை. அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ சொல்றது எனக்குப் புரியாமயில்ல கேத்லீன். ஆனா இணைப்பு ஓடிக்கிட்டிருக்கும்போதே ஆடிட்டர் பார்த்தா, தெரிஞ்சே செஞ்சோம்னு ஆயிடும்."

அதுவும் சரிதான். எல்லாம் சரிதான். எல்லாரும் சரிதான்.

மார்ச் 11 – திங்கள்

அறுத்துவிட்டேன். ஒரு வரி. அதை மாற்றி எழுத ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

முன்னதாகப் பெரட்டுக்களத்துக்குப் போய்ச் சொன்னேன். இனிமேல் போனில் மெசேஜ் வராது, நானே தினமும் பெரட்டுக்கு முன்னாடி வந்து திரையில் பார்த்து ராமையா கங்காணியைக் கூப்பிடுவேன், அவர் குழுத் தலைகளிடம் சொல்வார். மலாயில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை சொன்னேன். பனி. முகங்கள்கூடச் சரியாகத் தெரியவில்லை.

குமுதாக்கா அருகில் வந்தார். எங்கள் லயன் வீட்டு வரிசையில் பக்கத்து வீடு. என் கல்யாணத்துக்கு மருதாணி வைத்துவிட்டவர். இப்போது ஒரு குழுவுக்குத் தலை.

"ஏன்டி கேத்தி, மெசேஜு நல்லாத்தானே வந்துக்கிட்டிருந்திச்சு?"

"லைசன்ஸ் பிரச்சினைக்கா."

"மோட்டாருக்கு லைசன்ஸ் கேக்குறான், சரி. மெசேஜு படிக்கிறதுக்குமா?"

சிரித்தார். நானும் சிரித்தேன்.

மார்ச் 13 – புதன்

ஆடிட்டர் போனில் பேசினார். நீலாவதி என்று பெயர். கோலாலம்பூர்க்காரர், சுத்தமாகத் தமிழ் பேசுகிறார். பூதத்தை எதிர்பார்த்திருந்தேன், ஜலதோஷம் பிடித்த குரலில் ஒரு பெண் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கேள்வி கேட்டார். எத்தனை தடவை எடுத்தீர்கள், எந்த அட்டவணையிலிருந்து, எங்கே போனது.

எல்லாவற்றையும் சொன்னேன். மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை, இணைப்பின் தடம் அங்கேயே இருக்கிறது.

கடைசியில் நான் ஒன்று கேட்டேன். "லைசன்ஸ் இருக்கிற ஒரு ஆள் திரையைப் பார்த்துட்டு, போன்ல இன்னொருத்தர்கிட்ட வாயால சொன்னா?"

ஒரு தும்மல் போட்டுவிட்டுச் சொன்னார்: "அது உங்க வாய். வாய்க்கு எங்ககிட்ட லைசன்ஸ் கிடையாது. ஆனா உங்க பேர்ல இன்னொருத்தர் உள்ள போகக்கூடாது. பாஸ்வேர்டு கைமாறக்கூடாது. அதைத்தான் முதல்ல பார்ப்போம்."

மார்ச் 15 – வெள்ளி

இந்த வாரம் முழுக்க இருட்டிலேயே கிளம்புகிறேன். ஆபிஸைத் திறப்பேன், சிஸ்டத்துக்குள் போவேன், பார்ப்பேன், ராமையா அண்ணனைக் கூப்பிடுவேன். "சொல்லுங்க கிராணியம்மா" என்பார், கிளார்க் வேலைக்கு இங்கே அதுதான் பெயர். நான் காட்டு நம்பரைச் சொல்ல அவர் திருப்பிச் சொல்வார்.

நன்றாகத்தான் போகிறது. ஆனால் எனக்குக் காய்ச்சல் வந்தால்? வேன் பழுதானால்? சாரிடம் கேட்டேன். அடுத்த வாரம் பேசலாம் என்றார்.

மார்ச் 18 – திங்கள்

புதன்கிழமை சாரும் நானும் ஈப்போ போக வேண்டும். ஆடிட்டர் நேரில் வருகிறார். காலையிலேயே கூட்டம்.

உடனே எனக்குத் தோன்றியது அதுதான். பார்க்கிற லைசன்ஸ் இரண்டு. இரண்டும் ஒரே காரில்.

"சார், அன்னைக்கு ஒருநாள் என் பாஸ்வேர்டை ராமையா அண்ணன்கிட்ட கொடுத்துட்டுப் போறேனே."

"ஆடிட்டர் வர்ற அன்னைக்கா? விளையாடுறியா?"

"அப்போ என்னை விட்டுட்டு நீங்க மட்டும் போங்க."

"செஞ்சது நீ. உன்னைத்தான் கேக்கப்போறாங்க."

செஞ்சது நீ. அந்த வார்த்தை காதிலேயே நிற்கிறது. சொல்லிவிட்டு அவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கெட்ட மனுஷர் இல்லை. நேப்பாளத்து ஆள் கால் வெந்து கிடந்தபோது தன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனவர். பயந்துவிட்டார். பிள்ளைகள் இரண்டும் காலேஜில்.

முடிவு: செவ்வாய் சாயங்காலமே பார்த்து, புதன் காலைக்கான நம்பர்களை முன்கூட்டிச் சொல்லிவிடுவது.

மார்ச் 19 – செவ்வாய்

ஆபிஸ் சாத்துகிற நேரத்தில் திரையைப் பார்த்தேன். போகக்கூடாத காடு ஒன்பதாம் நம்பர், இருபத்திரண்டாம் நம்பர். ராமையா அண்ணனிடம் சொன்னேன். திருப்பிச் சொன்னார். மத்தியானம் நல்ல மழை. இப்போது விட்டிருக்கிறது.

நாளைக்கு எந்தச் சேலை? சேலை வேண்டாம், பாஜு குருங் போடுகிறேன்.

மார்ச் 20 – புதன்

தானா ராத்தா ஆஸ்பத்திரி. பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பதினாலு. நான் பதினாலு சொல்லல. பதினாலு திரையில இல்லவே இல்ல. பார்த்தேனே. நல்லா பார்த்தேனே—

குமுதாக்காவ ஈப்போவுக்குக் கொண்டுபோறாங்களாம்.

மார்ச் 21 – வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

செவ்வாய் மத்தியானம் மழை. ஒன்பதாம் நம்பர் சரிவில் நிற்க முடியாமல் மருந்துக் குழு பாதியில் இறங்கிவிட்டது. மழை விட்டதும், கலக்கிய மருந்தை வீணாக்க வேண்டாமென்று பதினாலாம் நம்பரில் அடித்திருக்கிறார்கள். அங்கே மேட்டுப் பகுதி சீக்கிரம் காயும். முடித்து இறங்கும்போது வெளிச்சம் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் ஸ்டோரில் செல்லையா பதினாலைச் சிஸ்டத்தில் பதிந்திருக்கிறார். நான் பார்த்துவிட்டுக் கிளம்பி வெகுநேரம் ஆகியிருந்தது.

இன்று செல்லையா என்னிடம் அழுகிற மாதிரிச் சொன்னார்: "காலையில நீங்க பார்ப்பீங்கதானேன்னு நெனச்சேன். நீங்க ஈப்போ போறது எனக்குத் தெரியாதுலா."

பழைய இணைப்பு இருந்திருந்தால் விடியற்காலையில் அது பதினாலை எடுத்து அனுப்பியிருக்கும்.

மருந்து அடித்ததைக் காட்டும் சிவப்புக் கொடி பதினாலாம் நம்பர் வாசலில் இருந்தது. கார் போகிற சாலைப் பக்கம் மட்டும். மெசேஜ் வர ஆரம்பித்த பிறகு மேல்பாதையில் கொடி வைக்கிற பழக்கம் விட்டுப்போயிற்று. குமுதாக்கா குழு மேல்பாதையில் வந்தது. பனியில் எதுவும் தெரியவில்லை. மருந்து வாசம் வருகிறதே என்று ஒரு ஆள் கேட்டானாம். "பதினாலு நம்பர் சொல்லல, போலாம்" என்று அக்காதான் முதலில் இறங்கியிருக்கிறார். ராத்திரி மழையில்லை, இலையெல்லாம் மருந்தும் பனியும். மேலிருந்து கீழே வரிசையாக வெட்டிக்கொண்டே போனதில் மார்வரை நனைந்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் வாந்தி. வியர்வை. வாயில் எச்சில் நிற்காமல் வழிந்ததாம். மற்றவர்களைக் கத்தி மேலே ஏறச் சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். இன்னும் இரண்டு பேருக்கு வாந்தி, தலைசுற்றல். அவர்கள் நேற்றே வீடு வந்துவிட்டார்கள்.

சொல்லாத நம்பர் என்றால் போகலாம். அந்தப் பழக்கத்தை யார் கொடுத்தது? என் மெசேஜ்தான்.

அந்த நேரத்தில் நாங்கள் தாப்பா சாலையில் வளைந்து வளைந்து இறங்கிக்கொண்டிருந்தோம். போனில் லைன் இல்லை. ஈப்போ போனதும் நேராகக் கூட்டம், போனைச் சத்தமில்லாமல் வைக்கச் சொன்னார்கள். ஹெட் ஆபிஸிலிருந்து இரண்டு பேர், அந்த நீலாவதி, சார், நான்.

"இந்த நேர் இணைப்புக்கு யார் அனுமதி கொடுத்தது?" என்று ஹெட் ஆபிஸ்காரர் கேட்டார்.

நான் சாரைப் பார்த்தேன். சார் தண்ணீர் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"நான்தான் செஞ்சேன்" என்றேன். மிச்சத்தை அவர் சொல்வார் என்று காத்திருந்தேன்.

நீலாவதி குறுக்கே பேசினார். "எங்களுக்கு யார் சொன்னாங்கங்கிறது முக்கியமில்ல. யார் யார் பார்த்தாங்கங்கிறதுதான் கணக்கு."

அப்போதுதான் மடியில் இருந்த போன் வெளிச்சமானது. ராமையா அண்ணன். அதற்கு முன்னால் எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறார். எடுத்தேன். "பதினாலு சொல்லலியே கிராணியம்மா" என்றார், குமுதாக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறோம் என்றார்.

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. நீலாவதி மடிக்கணினியை மூடியது நினைவிருக்கிறது. "போங்க. இது அப்புறம் இருக்கட்டும். முதல்ல போங்க."

சாரும் நானும் திரும்பி மலை ஏறி நேராகத் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

மார்ச் 22 – வெள்ளி

ஈப்போ ஆஸ்பத்திரி போய்வந்தோம், எட்ரியனும் நானும். மூச்சுக்குக் குழாய் வைத்திருக்கிறார்கள். உள்ளே விடவில்லை.

வெளியே அக்காவின் மகள் யுவனேஸ்வரி. ஆறாம் படிவம் படிக்கிறது, அடுத்தது யுனிவர்சிட்டி. பள்ளிக்கூட உடுப்போடு வந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றது.

"ஆன்ட்டி, எங்கம்மாவுக்கு ஏன் மெசேஜ் வரல?"

லைசன்ஸ் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. என்ன சொல்றது? ஒரு பிள்ளைகிட்ட அதை எப்படிச் சொல்றது?

"நிறுத்தச் சொன்னாங்கம்மா. நான் நிறுத்திட்டேன்."

"அதுக்குப் பதிலா என்ன வச்சீங்க?"

என்னை, என்றேன்.

அது உட்கார்ந்துவிட்டது. எட்ரியன் போய் மைலோ வாங்கி வந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டது. குடிக்கவில்லை.

மார்ச் 24 – குருத்து ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். குருத்தோலையைக் கையில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் நின்றேன். ஜெபம் வரவில்லை. பதினாலு, பதினாலு என்றே ஓடுகிறது.

அக்காவுக்கு மூச்சு தானாக வருகிறதாம். யுவனேஸ்வரி மெசேஜ் போட்டது.

மார்ச் 26 – செவ்வாய்

சார் ஒரு தாளோடு என் மேசைக்கு வந்தார். ஹெட் ஆபிஸ் தயாரித்தது. நான் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

அதில் எழுதியிருப்பது இவ்வளவுதான்: அந்த மெசேஜ் சேவை கம்பெனியுடையது இல்லை. நான் என் விருப்பத்துக்கு, யாரும் கேட்காமல் செய்தது. பிறகு நானே நிறுத்தினேன். மருந்துக் காட்டைப் பற்றி ஆட்களுக்குச் சொல்வதற்குக் கம்பெனியின் ஏற்பாடு எப்போதும் சிவப்புக் கொடிதான்.

"போட்டா?"

"ரிங்லெட் கிட்ட இருக்கிற ஃபேக்டரி ஸ்டோருக்கு மாத்திடுவாங்க. வேலை போகாது. சம்பளம் அப்படியே."

"போடலன்னா?"

அவர் பேனாவை எடுத்துத் தாளின் மேல் வைத்தார்.

எனக்கு விளங்கியது. இந்த ஒரு தாள் இரண்டு பக்கமும் வெட்டும். கம்பெனிக்குத் தெரியாமல் நடந்தது என்றால் சிஸ்டக்காரர்களோடு பேரம் பேசலாம். கொடிதான் ஏற்பாடு என்றால், கொடியைப் பார்க்காமல் போனது குமுதாக்காவின் தப்பு.

"சார், நீங்க படிச்சீங்களா இதை?"

"படிச்சேன்."

"கடைசி வரியையும் படிச்சீங்களா?"

தாளை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

மார்ச் 27 – புதன்

எட்ரியனிடம் காட்டினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிவிட்டு வந்து படித்தார். இரண்டு தடவை.

"கேத், லோரி கடன் இருக்கு. நான் மூடி மறைக்கல. போட்டுடுன்னு சொல்ல எனக்கு ஆசையாத்தான் இருக்கு."

"சொல்லுங்க."

"பக்கத்து வீட்ல அந்தப் பிள்ளை தனியா இருக்கு. காலையில கதவைத் திறந்தா அதோட மூஞ்சியில முழிக்கணும்." தாளை மடித்து என்னிடம் கொடுத்தார். "எனக்குச் சொல்ல வரல. நீ பாரு."

கோபம் வந்தது அவர்மேல். ஏதாவது ஒன்று சொல்லித் தொலைத்திருக்கலாம்.

மார்ச் 29 – பெரிய வெள்ளி

லீவு எழுதிக் கொடுத்துவிட்டு மூன்று மணி ஆராதனைக்குப் போனேன். திரும்பி வரும் வழியில் சார் வீட்டுக்கு நடந்தேன். துரை பங்களா இல்லை, அதற்குக் கீழே இருக்கும் சின்ன வீடு. அவர் மனைவி டீ போடட்டுமா என்றார். உபவாசம், வேண்டாம் என்றேன்.

தாளைத் திருப்பிக் கொடுத்தேன். கையெழுத்து இல்லாமல்.

"செவ்வாய்க்கிழமை அரசாங்கப் பாதுகாப்பு அதிகாரி விசாரிக்க வர்றார். அவர் கேட்டா நான் உள்ளதைச் சொல்வேன் சார். இணைப்பை வச்சது நான். வைக்கச் சொன்னது நீங்க. அறுக்கச் சொன்னது ஈப்போ. அறுத்த பிறகு ஒரு வாரமா மாற்று கேட்டேன், யாரும் தரல. செவ்வாய் சாயங்காலம் ஒரே ஒரு தடவை பார்த்துட்டுப் போனது என் தப்பு. அதையும் சொல்வேன்."

"உன்னால இதுல எதையும் நிரூபிக்க முடியாது."

"தெரியும்."

அவர் மனைவி உள்வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. கிளம்பிவிட்டேன்.

ஏப்ரல் 1 – திங்கள்

நாளைக்கு. அதிகாரி வருகிறார். பைபிளைத் திறந்தேன், மூடினேன்.

ஏப்ரல் 2 – செவ்வாய்

பாதுகாப்பு அதிகாரி மலாய்க்காரர், வயசானவர், மெதுவாகப் பேசினார். பதினாலாம் நம்பர் மேல்பாதையில் தானே நடந்து பார்த்துவிட்டு, கால் சப்பாத்தில் சேறோடு ஆபிஸுக்குள் வந்தார். ஹெட் ஆபிஸ்காரர், சார், ராமையா அண்ணன், செல்லையா, நான்.

என் முறை வந்தது. மலாயில் சொன்னேன். வெள்ளிக்கிழமை சாரிடம் சொன்னதையே, அதே வரிசையில். ஹெட் ஆபிஸ்காரர் உடனே குறுக்கிட்டார். இந்த அம்மா தன்னிச்சையாகச் செய்த வேலை, எங்களுக்கு ஆடிட் வந்த பிறகுதான் தெரியும் என்றார்.

அதிகாரி சாரைப் பார்த்தார். "நீங்கள் இந்த எஸ்டேட்டின் துணை மேனேஜர். உங்களுக்கு எப்போது தெரியும்?"

வெளியே கொழுந்து லோரி ஒன்று ஏறிப் போகிற சத்தம். அது போய் முடிகிற வரைக்கும் சார் காத்திருந்த மாதிரி இருந்தது.

"ஆரம்பத்திலேருந்து" என்றார். "நான்தான் செய்யச் சொன்னேன்."

ஹெட் ஆபிஸ்காரர் பேனாவைக் கீழே வைத்தார்.

அதிகாரி எழுதிக்கொண்டார். பிறகு என்னிடம், இனி எப்படி இருந்தால் சரி என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டார். நான் தயாராக வரவில்லை, வாயில் வந்ததைச் சொன்னேன். சொல்லாத நம்பர் என்றால் போகலாம் என்பது ஒழிய வேண்டும். போகலாம் என்று ஒரு ஆள் வாயைத் திறந்து சொன்னால்தான் காட்டுக்குள் கால் வைக்க வேண்டும். அந்த ஆளுக்கு வேறு வேலை இருக்கக்கூடாது. எல்லாப் பாதையிலும் கொடி.

வெளியே வந்ததும் சார் படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"ஈப்போவுலயே சொல்லியிருக்கணும்" என்றார்.

ஆமாம் சார் என்றேன்.

ஏப்ரல் 5 – வெள்ளி

நீலாவதி கூப்பிட்டார். அக்கா எப்படி இருக்கிறார் என்றுதான் முதலில் கேட்டார். பிறகு, "எங்க ரிப்போர்ட்ல எண்ணிக்கை மட்டும்தான் போகும். உங்க பேர் வராது. ஆனா எண்ணிக்கையை என்னால குறைக்க முடியாது. மன்னிச்சுக்குங்க" என்றார்.

குறைக்க வேண்டாம் என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

ஏப்ரல் 12 – வெள்ளி

அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார். பாதி ஆளாக இருக்கிறார். பத்து அடி நடந்தால் மூச்சு வாங்குகிறது.

கஞ்சி கொண்டுபோனேன். கதவருகே நின்றேன்.

"என்னாடி, விருந்தாளி மாதிரி நிக்கிற?"

அப்போ அழுதுட்டேன். அக்கா தடுக்கல. அழுது முடிக்கிற வரைக்கும் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. அப்புறம், "உன் மேல எனக்குக் கோவம் இருக்கு கேத்தி. இல்லன்னு சொல்ல மாட்டேன். கொஞ்ச நாள் இருக்கும். அதுக்காக வராம இருந்துடாத" என்றார்கள்.

கஞ்சியில் உப்பு பத்தவில்லை என்றும் சொன்னார்கள்.

ஏப்ரல் 30 – செவ்வாய்

முடிவு வந்துவிட்டது. கம்பெனி சிஸ்டக்காரர்களோடு பேசி, நடந்ததற்குப் பணம் கட்டிவிட்டது. நேர் இணைப்புக்கான பெரிய லைசன்ஸ் வாங்கப் போவதில்லை. அதற்குப் பதிலாக, மருந்து அடிக்கிற எஸ்டேட் ஒவ்வொன்றிலும் ஒரு ஆள், திரைக்கு முன்னால், பெரட்டு முடியும் வரை. மருந்துக் குழு இறங்கும்போது மறுபடியும். அந்த ஆள் போகலாம் என்று போனில் சொன்னால்தான் போகலாம். அதிகாரியின் உத்தரவில் அப்படியே இருக்கிறதாம்.

சாரைப் பெக்கான் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். என் கிராணி வேலையை ஈப்போவிலிருந்தே பார்த்துக்கொள்வார்களாம். மே மாதத்தோடு முடிகிறது. கடிதம் மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

எட்ரியன் கோலா தெர்லாவில் காய்கறி கட்டி அனுப்புகிற ஒரு கொட்டகையில் எனக்கு வேலை பேசி வைத்திருக்கிறார். கம்ப்யூட்டரும் உண்டு, தக்காளி தரம் பிரிக்கிற வேலையும் உண்டு.

மே 17 – வெள்ளி

லைசன்ஸ் விதியில் இன்னொன்று இருக்கிறது. ஒரு பெயருக்கு வாங்கியதை இன்னொரு பெயருக்குச் சும்மா மாற்ற முடியாது. அந்த ஆள் வேலையை விட்டுப் போனால் மட்டும் மாற்றலாம். நான் போகிறேன். என் இடம் காலியாகிறது. காட்டுக்குப் போக முடியாத ஒருவருக்கு இலகுவான வேலை கொடுக்க வேண்டும் என்று டாக்டர் எழுதியிருக்கிறார்.

ராமையா அண்ணன்தான் இரண்டையும் சேர்த்து யோசித்து மேனேஜரிடம் போய்ப் பேசினார். நான் கேட்கவில்லை.

மே 31 – வெள்ளி

விடியற்காலையில் குமுதாக்காவைக் கைப்பிடித்து ஆபிஸ் படி ஏற்றினேன். இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். இரண்டு வாரமாகப் பழக்கியாயிற்று, நன்றாகவே செய்கிறார். என்னைவிட மெதுவாகப் படிக்கிறார், ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டு.

என் பெயரை எடுத்துவிட்டு அவர் பெயரைப் போட வேண்டும்.

"கடைசியில எச் போடணுமாக்கா, வேணாமா?"

"ஐசி கார்டுல எச் இருக்கு. பள்ளிக்கூடத்துல இல்ல."

எச் போட்டேன். பாஸ்வேர்டு அவரே அடித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். உள்ளே போனார். பட்டியலைக் கடைசி வரை பார்த்தார், மறுபடியும் மேலிருந்து பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

"ராமையாண்ணே, ஆறாம் நம்பர், பதினேழாம் நம்பர் ரெண்டும் போகக்கூடாது. திருப்பிச் சொல்லுங்க... ஆங். பதினொண்ணு போலாம். பதினெட்டு போலாம்."

என் மேசையில் எடுத்துக்கொள்ள ஒரு குடையும் ஒரு கோப்பையும்தான் இருந்தன. கிளம்புவதற்கு முன்னால் பக்கத்துக் கம்ப்யூட்டரில் சிஸ்டத்தைத் திறந்து என் பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் அடித்துப் பார்த்தேன்.

உள்ளே விடவில்லை. சரியாகத்தான் வேலை செய்கிறது.